சுவருக்குள் போகும் பைப்: கசியாமல் பதிப்பது எப்படி?

வெளியே ஓடும் பைப் கசிந்தால் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு சாவகாசமாக ஆளைக் கூப்பிடலாம். சுவருக்குள் கசிந்தால் அப்படியில்லை. முதலில் பாத்ரூமுக்கு அடுத்த அறையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பெயின்ட் லேசாக உப்பும். விரலால் அழுத்தினால் பொடிந்து, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது தெரியும். அந்த நேரத்துக்குள் சுவர் பல மாதங்களாகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும். பிறகு டைல்ஸை உடைக்க வேண்டும், அதே நிற டைல்ஸ் கடையில் கிடைக்காது, செலவு பைப்பின் விலையைப்போல் பல மடங்கு ஆகும்.

இத்தனைக்கும் இந்த வேலை அவ்வளவு கடினமானதல்ல. நிதானமாக அளந்து வெட்டத் தெரிந்தவர், பாத்ரூமில் தண்ணீர் லைனைத் தானே போட்டுக்கொள்ளலாம். பைப்பின் உடல் தானாக உடைவது அபூர்வம். சுவருக்குள் கசிவு வருவது பெரும்பாலும் மூன்று காரணங்களால்: ஒட்டு சரியாக ஒட்டவில்லை, மரை வைத்த இணைப்பு சுவருக்குள் மாட்டிக்கொண்டது, அல்லது பிற்பாடு யாரோ டிரில் போட்டார்கள். இந்த மூன்றையும் அடைப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. நம் ஊரில் பெரும்பாலோர் போடும் முறையை எடுத்துக்கொள்கிறேன்: செங்கல் சுவர், காடி (நீளப் பள்ளம்) வெட்டிப் பதிக்கும் சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) பைப், மொட்டை மாடியில் டேங்க்.

முதலில் பைப்பைத் தேர்ந்தெடுப்போம்

யுபிவிசி வெள்ளையாக இருக்கும், விலை குறைவு, ஆனால் குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும். கீசர் லைன் எங்கே இருந்தாலும் சிபிவிசிதான் போட வேண்டும். இரண்டையும் கலக்க நினைக்காதீர்கள். ஒரே முக்கால் இஞ்ச் என்று சொன்னாலும் வெளி விட்டம் வேறு; ஒன்றின் எல்போ (பைப்பை மூலையில் திருப்பும் துண்டு) மற்றொன்றில் சேராது, ஒட்டும் பசையான சால்வென்டும் வேறு. மொத்த பாத்ரூமுக்கும் சிபிவிசியே போட்டுவிட்டால் குழப்பமில்லை.

சிபிவிசி பைப்பில் ஐஎஸ் 15778 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். அதோடு எஸ்டிஆர் 11 அல்லது எஸ்டிஆர் 13.5 என்று இருக்கும். அந்த எண், பைப்பின் வெளி விட்டம் அந்தப் பைப்பின் தடிமனைப்போல் எத்தனை மடங்கு என்பதைக் காட்டுகிறது. எண் சிறியதானால் பைப் தடிமன். சுவருக்குள் போவதற்கு எஸ்டிஆர் 11 வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு பாத்ரூமுக்குப் பெரிதாக வராது, சுவருக்குள் போன பிறகு அதை மாற்றவும் முடியாது. பைப்பும் ஃபிட்டிங்கும் (எல்போ போன்ற இணைப்புத் துண்டுகள்) சால்வென்டும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும்.

வெயிலில் மாதக்கணக்கில் கிடந்து நிறம் வெளுத்த பைப்பை வாங்காதீர்கள். நுனியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து எடுங்கள். லாரியில் இருந்து எறிந்து இறக்கிய பைப்பில் அது சாதாரணமாக இருக்கும். இருந்தால் அதற்கு மேல் இரண்டு இஞ்ச் தள்ளி வெட்டிவிட வேண்டும்.

ஒட்டுகளைக் குறைக்கும் வரைபடம்

கையில் சுத்தியலை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் லைனை வரையுங்கள். ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வரைந்தால் போதும்: எந்த ஒட்டை இல்லாமல் செய்யலாம்? பைப் 3 மீட்டர் அல்லது 5 மீட்டர் நீளத்தில் வருகிறது. துண்டு வீணாகிறதே என்று இரண்டு மிச்சத் துண்டுகளை கப்ளிங் போட்டுச் சேர்ப்பது சுவருக்கு வெளியே சரி. உள்ளே வேண்டாம்.

இரண்டாவது, லைனை நேர்க்கோட்டில் மட்டும் விடுங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் அதற்கு நேர் மேலே அல்லது நேர் கீழே செங்குத்தாகப் பைப் வந்தால், பிற்காலத்தில் ஆணி அடிப்பவருக்கு ‘குழாய்க்கு மேலே கை வைக்கக் கூடாது’ என்று தானாகவே புரியும். குறுக்கே சாய்த்து வைத்த பைப்பை யாராலும் ஊகிக்க முடியாது.

மூன்றாவது, மரை போட்ட இணைப்பு, யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), பால் வால்வு எதுவும் பூச்சுக்குள் போகக் கூடாது. சுவருக்குள் சால்வென்ட் ஒட்டு மட்டும். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) லைனிலிருந்து சிபிவிசிக்கு மாறும் இடமும் வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். குழாய் வந்து திருகும் பிராஸ் எல்போவின் வாய் மட்டும் இதற்கு விலக்கு, ஏனென்றால் அதன் மரை டைல்ஸ் மட்டத்தில் திறந்திருக்கும்.

ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனி வால்வு ஒன்று, கை எட்டும் இடத்தில். என்றைக்காவது பிரச்சினை வந்தால் முழு வீட்டுத் தண்ணீரையும் நிறுத்தாமல் அந்த ஒன்றை மட்டும் மூடலாம்.

காடி வெட்டும் அளவு

சுவர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் வெட்ட வேண்டும். செங்கல் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 1905 சொல்வது இது: செங்குத்துக் காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 9 இஞ்ச் சுவரில் செங்குத்தாக 3 இஞ்ச், கிடையாக ஒன்றரை இஞ்ச். அதே கணக்கில் நாலரை இஞ்ச் சுவரில் கிடையாக முக்கால் இஞ்ச்தான் கிடைக்கும். முக்கால் இஞ்ச் பைப்பின் வெளி விட்டமே 22 மில்லிமீட்டருக்கு மேல். அதாவது நாலரை இஞ்ச் சுவரில் குறுக்காகப் பைப் ஓட்ட இடமே இல்லை. அங்கே மேலேயிருந்தோ தரையிலிருந்தோ செங்குத்தாகத்தான் கொண்டுவர வேண்டும். தூண், பீம் இவற்றில் உளி படக் கூடாது, ஒரு இஞ்ச் கூட.

இரண்டு கோடுகளை கிரைண்டரில் வெட்டிவிட்டு, நடுவில் உள்ளதை உளியால் தட்டி எடுங்கள். வெறும் சுத்தி, உளியை மட்டும் வைத்து அடித்தால் நாலரை இஞ்ச் சுவர் மறுபக்கம் வரைக்கும் ஆடிவிடும். கண்ணாடி, முகமூடி அவசியம். மின்சார வயர் போகும் குழாய் எங்கே என்று முதலில் பார்த்துக்கொண்டு அதிலிருந்து விலகி இருங்கள்.

காடியின் ஆழத்தை விட, எல்போவின் வாய் எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். கசிவுகளில் நிறைய இங்கேதான் பிறக்கின்றன. எல்போ ஆழமாகப் போய்விட்டால் குழாய் எட்டாது. உடனே எக்ஸ்டென்ஷன் நிப்பிள் ஒன்றைப் போட்டு நீட்டுவார்கள். அது சுவருக்குள் புதிதாக ஒரு மரை இணைப்பைச் சேர்க்கிறது. அந்த இணைப்பு சொட்டினால் தண்ணீர் டைல்ஸுக்கு முன்னால் வராது, பின்னால் இறங்கும். ஆகவே பூச்சு எத்தனை மில்லிமீட்டர், டைல்ஸ் ஒட்டும் கலவை எத்தனை, டைல்ஸ் எத்தனை என்று டைல்ஸ் போடுபவரிடம் முன்பே கேட்டு மூன்றையும் கூட்டுங்கள். பூச்சு 12 முதல் 15, கலவையும் டைல்ஸும் சேர்ந்து இன்னொரு 15 என்றால், எல்போ வாய் செங்கல் முகத்திலிருந்து ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும். ஒரு துண்டு டைல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, பூச்சு வரப்போகும் தடிமனுக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

வால் மிக்சருக்கு இரண்டு வாய்களுக்கும் நடுவே 150 மில்லிமீட்டர், இடது பக்கம் சுடு தண்ணீர். இரண்டும் ஒரே மட்டத்தில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ரசமட்டத்தை இரண்டின் மேலும் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் கோணலாக இருந்தால் மிக்சரை மாட்டும்போது கட்டாயப்படுத்தி இழுப்பீர்கள், அந்த இழுப்பு உள்ளே இருக்கும் ஒட்டில்தான் போய் விழும்.

ஒட்டும் முறை

இந்தப் பகுதியில் அவசரப்பட்டால் மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் பயனில்லை.

பைப்பை நேராக வெட்டுங்கள். பைப் கட்டர் இருந்தால் நல்லது, ஹேக்சா பிளேடு என்றால் சுற்றிலும் கோடு போட்டுக்கொண்டு வெட்டுங்கள். சாய்ந்து வெட்டிய முனை ஒரு பக்கம் சாக்கெட்டின் (ஃபிட்டிங்கில் பைப் நுழையும் வாய்) அடியைத் தொடாது. அங்கே ஒட்டும் பரப்பு குறைந்துவிடும். அப்புறம் உள்ளேயும் வெளியேயும் உள்ள பிசிறை எடுத்து, வெளி விளிம்பை லேசாகச் சரிவாக்குங்கள். இது அழகுக்காக இல்லை: கூரான விளிம்பு உள்ளே போகும்போது தடவிய சால்வென்டை வழித்துக்கொண்டு போய்விடும். பிறகு சுத்தமான, உலர்ந்த துணியால் பைப்பையும் சாக்கெட்டையும் துடைக்க வேண்டும். சிமென்ட் தூசியும் ஈரமும் சால்வென்டின் எதிரிகள்.

இப்போது சால்வென்ட் இல்லாமல் பைப்பைச் செருகிப் பாருங்கள். சாக்கெட்டின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் இறுக வேண்டும். தடையில்லாமல் அடி வரை போய்விட்டால் ஃபிட்டிங் தளர்வு, அதை மாற்றுங்கள். புதிதாகச் செய்பவர்கள் இங்கே ஒன்றில் ஏமாறுவார்கள். உலர்வாகச் செருகி வைத்து நீளத்தை அளந்தால், ஒட்டும்போது பைப் இன்னும் உள்ளே போய், மொத்த நீளமும் குறைந்துவிடும். அதனால் ஒரு ஃபிட்டிங்கின் முகத்திலிருந்து அடுத்த ஃபிட்டிங்கின் முகம் வரைக்கும் அளந்து, அதோடு இரண்டு பக்கமும் சாக்கெட் ஆழத்தைக் கூட்டி வெட்டுங்கள். முக்கால் இஞ்ச் பைப்புக்கு ஒரு பக்கம் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். அந்த ஆழத்தைப் பைப்பில் பென்சிலால் குறித்துவையுங்கள். ஒட்டிய பிறகு கோடு சாக்கெட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எல்போ எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதற்கும் பைப்பிலும் எல்போவிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சால்வென்ட் டப்பாவைத் திறந்தால் தேன்போல் வழிய வேண்டும். ஜவ்வாக, கட்டியாக இருந்தால் தூக்கி எறியுங்கள். அதில் எதையும் கலந்து இளக்காதீர்கள். பைப்பின் மேல் நிறையவும் சீராகவும், சாக்கெட்டின் உள்ளே மெல்லியதாகவும் தடவுங்கள். உள்ளே குளம் கட்டும்படி தடவினால் அது பைப்புக்குள் வழிந்து தங்கி, அந்த இடத்தில் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். தடவியவுடன், காய்வதற்கு முன், கால் சுற்றுத் திருகியபடி அடி வரை அழுத்துங்கள். அப்படியே 30 வினாடி பிடித்துக்கொண்டிருங்கள். விட்டால் பைப் தானாகக் கொஞ்சம் வெளியே தள்ளிக்கொள்ளும். சாக்கெட்டின் சரிவு அப்படி.

நல்ல ஒட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். பைப்பும் ஃபிட்டிங்கும் சேரும் இடத்தில் சுற்றிலும் மெல்லிய வளையமாக சால்வென்ட் பிதுங்கி நிற்கும். எங்காவது அந்த வளையம் அறுந்திருந்தால் அங்கே சால்வென்ட் போதவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் மேலே தடவி மறைப்பதில் பயனில்லை. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதுதான் வழி, இப்போது அதற்கு ஒரு எல்போ விலைதான். சுவரின் பக்கம் திரும்பியிருக்கும் பாதியையும் செல்போன் கேமராவையோ சிறு கண்ணாடியையோ வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாதியில்தான் பிரஷ் போயிருக்காது.

சால்வென்ட் எளிதில் தீப்பிடிக்கும், அதன் ஆவியும் தலைசுற்ற வைக்கும். கதவு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்க வேண்டாம்.

மரை இருக்கும் இடங்களில்

குழாய் வரும் ஒவ்வொரு வாயிலும் உள்ளே பித்தளை மரை வைத்த பிராஸ் எல்போ அல்லது பிராஸ் டீ மட்டும் போடுங்கள். முழுக்கப் பிளாஸ்டிக் மரையில் உலோகக் குழாயைத் திருகினால், கடைசி அரைச் சுற்றில் அது பிளந்துகொள்ளும். அந்தப் பிளவு அன்றைக்கே தெரியாது.

மரைக்கு டெஃப்ளான் டேப் போதும். நூலும் பெயின்ட்டும் சுற்றும் பழக்கம் ஜிஐ காலத்தில் வந்தது. பெயின்ட், எண்ணெய் கலந்த பசைகள் சிபிவிசியில் பட்டால் மெதுவாக விரிசல் விடச்செய்யும். டேப்பை மரையின் நுனியை நம் பக்கம் பார்த்தபடி, கடிகார முள் சுழலும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். கடையில் கிடைக்கும் டேப் மெல்லியது, பத்துச் சுற்றுக்குக் குறையாமல் வேண்டும். கையால் இறுகும் வரை திருகிவிட்டு, ஸ்பேனரில் ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று. குழாய் நேராக நிற்கவில்லை என்று பின்னோக்கித் திருப்பினால் டேப் அறுந்திருக்கும். கழற்றிப் புதிதாகச் சுற்றித்தான் மாட்ட வேண்டும்.

மூடுவதற்கு முன் சோதனை

‘டேங்க் தண்ணீரைத் திறந்து விட்டேன், ஒரு நாள் பார்த்தேன், கசியவில்லை’ என்பதை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. மாடி இல்லாத வீட்டில் டேங்குக்கும் குழாய்க்கும் 3 மீட்டர் வித்தியாசம் என்றால் பைப்பில் வெறும் 0.3 கிலோ. அரைகுறையாக ஒட்டிய எல்போகூட அதைத் தாங்கும். நாளைக்கு பிரஷர் பம்ப் மாட்டினால் 2, 3 கிலோ வரும்.

கையால் அடிக்கும் டெஸ்ட் பம்ப் பிளம்பிங் சாமான் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். இப்படிச் செய்யுங்கள். கடைசி ஒட்டு முடிந்து 24 மணி நேரம் விடுங்கள். எல்லா வாய்களையும் டேப் சுற்றிய எண்ட் பிளக்கால் அடையுங்கள். கீசரையும் மிக்சரையும் மாட்டி வைத்துச் சோதிக்கக் கூடாது. கீசருக்கான இரண்டு வாய்களையும் ஒரு பைப்பால் இணைத்துவிட்டால் சுடு தண்ணீர் லைனும் சேர்ந்து சோதனைக்கு வரும். மேலே இருக்கும் ஷவர் வாயைத் திறந்து வைத்துக் கீழேயிருந்து மெதுவாகத் தண்ணீர் ஏற்றி, காற்று முழுவதும் வெளியேறியதும் அதை அடையுங்கள். உள்ளே காற்று தங்கினால் கேஜின் (அழுத்தத்தைக் காட்டும் கருவி) முள் சொல்வதை நம்ப முடியாது. பிறகு பம்பை அடித்து 10 கிலோவுக்குக் கொண்டுபோங்கள். எஸ்டிஆர் 11 பைப்புக்கு அது அதிகமில்லை. பம்புக்கும் லைனுக்கும் நடுவே ஒரு பால் வால்வு, அதற்கு அப்பால் லைன் பக்கத்தில் கேஜ் இருக்க வேண்டும். வால்வை மூடிவிட்டால் பம்பின் சொந்தக் கசிவு கணக்கில் வராது.

ஒரு மணி நேரம் முள் அசையக் கூடாது. இறங்கினால் முதலில் பிளக்குகளைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு ஒட்டையும் உலர்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் பேப்பரில் தெரியும். தண்ணீருக்குப் பதில் கம்ப்ரஸர் காற்றை வைத்துச் சோதிக்கவே கூடாது. காற்றழுத்தத்தில் பிளாஸ்டிக் உடைந்தால் துண்டுகள் தெறித்து ஆளை அடிக்கும்.

சோதனை முடிந்ததும் பம்பைக் கழற்றினாலும், கேஜை விட்டுவிட்டு 3, 4 கிலோ அழுத்தத்தில் லைனை அப்படியே வையுங்கள். பூச்சு வேலையும் டைல்ஸ் வேலையும் நடக்கும்போது ஒரு கட்டிங் பிளேடு பைப்பில் பட்டால் முள் உடனே விழும். அன்றே தெரிந்தால் ஒரு அடி உடைப்பதோடு முடியும்.

போட்டோ, பிறகு மூடுதல்

காடி திறந்திருக்கும்போது ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று போட்டோ எடுங்கள், அளவு டேப்பை விரித்து அளவு தெரியும்படி. அளவைத் தரையிலிருந்து எடுக்காதீர்கள். டைல்ஸ் போட்டால் தரை மட்டம் உயர்ந்துவிடும். கதவு நிலை, ஜன்னல் சட்டம் மாதிரி அசையாத ஒன்றிலிருந்து எடுங்கள். இந்தப் படங்களை வீட்டில் எல்லோருக்கும் அனுப்பிவையுங்கள், ஒன்றைப் பிரிண்ட் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். கீசர் மாட்ட வருபவருக்கும் டவல் ராடு மாட்ட வருபவருக்கும் அதைக் காட்டிய பிறகுதான் டிரில்லைக் கொடுக்க வேண்டும்.

சிபிவிசி சூட்டில் நீளும். 3 மீட்டர் பைப் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். அதனால் சுடு தண்ணீர் லைனில் நுரை உறை மாட்டிவிடுங்கள், நீண்டு சுருங்க இடமும் கிடைக்கும், சூடும் வீணாகாது. காடிக்குள் கூரான செங்கல் சில்லு பைப்பைக் குத்திக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஆணியை வளைத்துப் பைப்பை அழுத்தி நிறுத்தாமல் கிளாம்பு போடுங்கள். காடியை நனைத்து, 1:4 சிமென்ட், மணல் கலவையால் நிரப்பி, மேலே கோழி வலை வைத்துப் பூசினால் பூச்சில் கோடு விழாது. பிராஸ் எல்போக்களின் பின்பக்கம் கலவை நன்றாக இறங்கியிருக்க வேண்டும். அங்கே பொள்ளலாக விட்டால், குழாயை இறுக்கும்போது எல்போ முழுவதும் திரும்பி ஒட்டை முறுக்கும்.

கழிவு நீர் லைனில் அழுத்தம் இல்லை என்பதால் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். கீழ் வீட்டுக் கூரையில் சொட்டுவது பாதிக்கு மேல் நகானி டிராப்பை (பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் வாய்) சுற்றித்தான் வருகிறது என்பது என் அனுபவம். தளத்தில் வாட்டர்புரூஃபிங் முடிந்ததும் டிராப்பை அடைத்து 2 இஞ்ச் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழே போய்ப் பாருங்கள். அடுக்குமாடி வீடென்றால் கீழ் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

குடிவந்த பிறகு

மாதம் ஒரு இரவு எல்லாக் குழாயையும் மூடி, டேங்கில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவிட்டுக் காலையில் பாருங்கள். பிரஷர் பம்ப் இருந்தால் இன்னும் எளிது: யாரும் குழாயைத் திறக்காதபோதும் அது அவ்வப்போது ஓடி நின்றால் எங்கோ தண்ணீர் போகிறது. ஒவ்வொரு பாத்ரூம் வால்வாக மூடிப் பார்த்தால் எந்த பாத்ரூம் என்று பிடிபடும். முதலில் ஃப்ளஷ் டேங்கைச் சந்தேகியுங்கள், அதுதான் அடிக்கடி ஒழுகும்.

சுவருக்குள்தான் என்று உறுதியானால் டைல்ஸ் இடுக்கில் கெமிக்கல் ஊற்றி அடைக்கப் பார்க்காதீர்கள். பைப்பில் அழுத்தம் இருக்கும் வரை தண்ணீர் வேறு வழி தேடிக்கொள்ளும். போட்டோவை எடுத்து இடத்தைக் குறித்து, பைப்பை வளைத்து கப்ளிங்கைச் செருகும் அளவுக்கு இரண்டு பக்கமும் ஒரு அடியாவது திறங்கள். வால்வை மூடி, அதற்குக் கீழே உள்ள குழாய்களைத் திறந்து, லைனில் உள்ள தண்ணீர் கடைசிச் சொட்டு வரை வடியட்டும். கெட்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டு, உலர்ந்த பைப்பில் இரண்டு கப்ளிங்கால் புதுத் துண்டைச் சேருங்கள். 24 மணி நேரம் கழித்து, காடியை மூடுவதற்கு முன், முன்போலவே கீசர், மிக்சரைக் கழற்றி வாய்களை அடைத்துவிட்டு மறுபடியும் 10 கிலோ அடித்துப் பாருங்கள்.